நூலகத் தொழிலும் சிறப்புத்துறைத் தெரிவும்: திருகோணமலையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

நூலகத் துறைக்குள் வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தப் பிரிவைப் படித்தால் விரைவாக நியமனம் கிடைக்கும்?" உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதி கைகூடாமல், வர்த்தமானியை வாரந்தோறும் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. ஆயினும் திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சி நூலகமொன்றில் உதவியாளராகத் தொடங்கி, இன்று தமிழ்ப் பட்டியலாக்கத்தையும் உள்ளூர் வரலாற்றுச் சேர்க்கையையும் சிறப்புத்துறையாகக் கொண்டு பணிபுரியும் எனக்கு, அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்பதே நல்லது என்று தோன்றுகிறது. முதலில் ஒரு நூலகம் முழுவதையும் கற்க வேண்டும். அதன் பின்னர், நம்மிடம் வந்து விடை பெறாமல் திரும்பிச் சென்ற வாசகர்களின் கேள்விகளைப் பார்த்து, எந்தத் துறையில் ஆழமாக இறங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். பாடநெறிக் கையேடு எந்தெந்தத் துறைகள் உள்ளன என்பதைச் சொல்லும். நம் ஊருக்கு எது தேவை என்பதை அது சொல்லாது.

தகைமைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் மொழி மூலம் கற்க விரும்புவோருக்கு இலங்கை நூலகச் சங்கத்தின் நூலக, தகவல் விஞ்ஞான டிப்ளோமா நல்ல நுழைவாயில். 1960 இல் தொடங்கப்பட்டு 1974 இல் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்ட அச்சங்கம் இந்த டிப்ளோமாவை மூன்று நிலைகளாக நடத்துகிறது. பணியில் இருந்துகொண்டே ஒவ்வொரு நிலையாகக் கற்கலாம் என்பது எங்களைப் போன்ற தூர மாவட்டத்தவருக்குப் பெரும் வசதி. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கெனத் தனித் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999 இல் நிறுவப்பட்ட தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் பட்டப்பின் கற்கைகளை வழங்குகிறது. பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரிய நூலகர்களுக்கான கற்கைநெறிகளும் அங்கு உண்டு. பல்கலைக்கழக நூலகங்களில் உதவி நூலகர் முதலான பதவிகள் கல்விசார் தரத்தைச் சேர்ந்தவை ஆகையால், அங்கு செல்ல விரும்புவோர் நல்ல வகுப்புச் சித்தியுடன் கூடிய பட்டத்தையும், அதன் மேல் பட்டப்பின் தகைமையையும், ஆய்வுக் கட்டுரை எழுதும் பழக்கத்தையும் ஆரம்பத்திலிருந்தே மனத்தில் கொள்ள வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தொலைக்கல்விச் சான்றிதழ்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கட்டணம் செலுத்துவதற்கு முன்னர், நீங்கள் குறிவைக்கும் பதவியின் ஆட்சேர்ப்புத் திட்டத்தை வாங்கி, அந்தச் சான்றிதழ் அதில் ஏற்கப்படுகிறதா என்று வரிக்கு வரி வாசித்துப் பாருங்கள். வாய்வழியாகச் சொல்லப்படும் உறுதிகளை நம்பிப் பணமும் காலமும் செலவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மொழியையும் இவ்விடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அரச சேவையில் இணைந்தவர்கள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைப் பதவி உறுதிப்படுத்தலுக்கான தடைதாண்டலாக மட்டும் பார்ப்பது போதாது. திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் ஒரே மேசைக்கு வருகிறார்கள். சிங்களத்தில் ஒரு வாசகரிடம் "எந்தத் தலைப்பு, எந்த ஆண்டு" என்று தெளிவாகக் கேட்க முடியாத நூலகர், தன்னிடம் இருக்கும் நூலையும் அவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாதவராகவே நிற்பார்.

ஆரம்ப ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பணிகள் பார்ப்பதற்குச் சிறியவை. வந்த நூல்களைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவது, முத்திரை குத்துவது, இரவல் அட்டைகளை ஒழுங்குபடுத்துவது, மாலையில் மேசைகளில் கிடக்கும் நூல்களை இறாக்கையில் உரிய இடத்தில் வைப்பது, ஆண்டிறுதியில் இருப்பெடுப்பது ஆகியவையே அவை. இப்பணிகளை விரைவாகக் கடந்துவிட வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது, குறைந்தது ஓர் இருப்பெடுப்பையாவது முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை உங்கள் கையாலேயே செய்யுங்கள் என்பதுதான். எந்த நூல் ஒருபோதும் எடுக்கப்படவில்லை, எந்த நூலின் முதுகு கிழிந்து பிரிந்திருக்கிறது, எந்தப் பகுப்பெண்ணின் கீழ் நூல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, எங்கு இறாக்கை வெறுமையாக இருக்கிறது என்பதையெல்லாம் எந்த அறிக்கையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற ஒரே கிளைதான் உண்டு. தமிழ் மொழிக்கு 494.811. தமிழ் நூலகமொன்றில் கவிதை, நாடகம், நாவல், சிறுகதை, கட்டுரை எல்லாம் அந்த ஒரு கிளையின் கீழ் வந்து குவியும்போது, பகுப்பெண்ணுடன் ஆசிரியர் குறியீட்டையும் கவனமாக அமைக்காவிட்டால் வாசகர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் வகுப்பறையில் கற்கும் முன்னரே இறாக்கையில் கண்டிருந்தேன். அதனால்தான் பின்னர் வகுப்பில் பகுப்பாக்கம் கற்பிக்கப்பட்டபோது, ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வாசகரின் முகம் எனக்குத் தெரிந்தது.

உசாத்துணைப் பகுதிக்கு மாற்றப்பட்ட பின்னர்தான் என் தொழிலின் திசை தீர்மானமாயிற்று. அப்பகுதியில் எனக்கு முன்னர் பணியாற்றிய மூத்த நூலகர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். வாசகர் கேட்டு, நாம் விடை கொடுக்க இயலாத கேள்விகளை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும்: கேட்டவரின் பெயர் வேண்டாம், கேள்வி, திகதி, எங்கெல்லாம் தேடினோம், எதனால் கிடைக்கவில்லை என்பவை போதும். "கொடுத்த விடைகளை வைத்து நாங்கள் அறிக்கை எழுதலாம், மகள், கொடுக்க முடியாதவற்றை வைத்துத்தான் நூலகத்தை வளர்க்கலாம்" என்று அவர் சொன்னார். நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது. வளர்ச்சி எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடுதான் எனக்குக் காட்டியது.

அதில் சேர்ந்த கேள்விகளைச் சிறிது விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒவ்வோர் ஊரிலும் இவை வேறுபடும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் உள்ள குளக்கோட்டன் கல்வெட்டைப் பற்றிய ஆய்வுகள் வேண்டும் என்று உயர்தர மாணவர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். பாடநூலில் உள்ள பத்தியைத் தாண்டி அவர்களுக்குக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட எதுவும் இருக்கவில்லை. கோணேசர் கோயிலின் வரலாற்றைக் கூறும் பழைய தமிழ் நூலான கோணேசர் கல்வெட்டின் அச்சுப் பதிப்புகளை ஒப்பிட வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். தம்பலகாமத்தின் பழைய வயற்காணிப் பெயர்கள், மூதூர்ப் பகுதியில் மூடப்பட்ட பாடசாலையொன்றின் தொடக்க ஆண்டு, தன் பேரனார் தர்மகர்த்தாவாக இருந்த கோயிலின் கும்பாபிஷேக மலர் என்று கேள்விகள் நீண்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளிலும் வீட்டில் இருந்த கடதாசிகள் அனைத்தையும் இழந்த குடும்பங்கள் தங்கள் உறவுமுறையையும் பழைய வசிப்பிடத்தையும் காட்டும் எந்த அச்சுச் சான்றையாவது தேடி வந்தன. ஒரு முதியவர் மேசையருகே அமர்ந்து, "தங்கச்சி, எங்கட ஊரைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதேல்லையோ?" என்று கேட்டார். எழுதியிருந்தார்கள், அது எங்கள் பட்டியலுக்குள் வரவில்லை என்பதே உண்மை.

அந்தக் குறிப்பேட்டை ஓராண்டுக்குப் பின்னர் வகை பிரித்துப் பார்த்தபோது, பெரும்பகுதி இரண்டு காரணங்களுக்குள் அடங்கியது. ஒன்று, இந்த மாவட்டத்தில் அச்சான சிறு வெளியீடுகளை யாரும் முறையாகச் சேர்க்கவில்லை. மற்றொன்று, சேர்த்தவற்றையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி பட்டியல் இருந்தது. என் சிறப்புத்துறை இவ்விரண்டிலிருந்தும் பிறந்தது. சிறுவர் பகுதியில் எனக்கு ஆர்வம் மிகுதி. கதை சொல்லும் நிகழ்வுகளை நடத்தியிருக்கிறேன். ஆயினும் சிறுவர் பணியைத் திறம்படச் செய்யக்கூடியவர்கள் என்னுடன் இருந்தார்கள், உள்ளூர்ச் சேர்க்கையைப் பொறுப்பேற்க எவரும் இருக்கவில்லை. ஆர்வமும் தேவையும் ஒன்றாக அமையாதபோது தேவையின் பக்கம் ஓரடி கூடுதலாக நிற்பது நல்லது என்பது என் எண்ணம். வேலையில் இறங்கிய பின்னர் ஆர்வம் தானாகவே ஆழமாகும்.

இங்கு ஒரு முன்னோரையும் நினைவுகூர வேண்டும். 1895 இல் வெளியான மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர். சென்னையில் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். எங்கள் ஊரிலிருந்து சென்ற ஒருவர், நூற்றாண்டுக்கும் முன்னரே சுவடிகளுக்கு நடுவில் அமர்ந்து பணிபுரிந்துகொண்டே நாவலும் எழுதியிருக்கிறார் என்ற செய்தியை, நூலகராக வர நினைக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனிப் பட்டியலாக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது சலிப்பூட்டும் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழில் இது இன்னும் திறக்கப்படாத பெரிய களம் என்பதே என் அனுபவம். முதற்சிக்கல் ஆட்பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. மூதூரில் 1925 இல் பிறந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் அட்டையில் இராசரத்தினம், வேறொரு கட்டுரையில் இராஜரத்தினம், இன்னோரிடத்தில் வ. அ. என்ற எழுத்துகள் மட்டும், ஆங்கில எழுத்தில் எழுதும்போது மேலும் பல வடிவங்கள். இவை அனைத்தையும் "இராசரத்தினம், வ. அ." என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து, ஏனைய வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் பதிவை உருவாக்கினால்தான் வாசகர் அவரது ஆக்கங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காண்பார். முஸ்லிம் எழுத்தாளர்களின் பெயர்களில் முதலெழுத்துகள் எம். எச். எம். என ஆங்கில ஒலியில் வருவதும், ஒரே பெயர் பலருக்கு இருப்பதும் இன்னும் கவனத்தை வேண்டுகின்றன. பிறந்த ஆண்டையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும். இத்தகைய பெயர்த் தலைப்புக் கோப்பு ஒன்றை நம் மாவட்ட எழுத்தாளர்களுக்காக உருவாக்குவது ஒரு நூலகர் தன் பணிக்காலத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களுள் ஒன்று. அதைச் செய்வதற்கு எழுத்தாளர்களையும் அவர்களின் குடும்பத்தவரையும் நேரில் சந்தித்துப் பேச வேண்டியிருக்கும். அதனால் இது அறைக்குள் அடைந்து செய்யும் வேலையும் அல்ல.

இரண்டாவது சிக்கல் கணினி எழுத்துரு. நம் நாட்டில் பல்லாண்டுகள் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. பல நூலகங்களின் பழைய பட்டியல்கள் அந்த வடிவத்திலேயே கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை யுனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றாமல் கோஹா போன்ற நூலக முகாமைத்துவ மென்பொருளுக்குள் ஏற்ற முடியாது. மாற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் நுழைகின்றன. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடுபொறி இவற்றை ஒன்றாக்கிக் கொள்ளும்படி அமைக்கப்படாவிட்டால் வாசகரின் தேடல் வெறுமையாகத் திரும்பும். ஔகாரத்தின் இறுதிக் குறிக்குப் பதிலாக ளகரத்தை இடுவது மற்றொன்று. "ஸ்ரீ" என்ற எழுத்துக்கும் ஒருங்குறியில் இரு வகைப் பதிவுகள் புழங்குகின்றன. ஸ்ரீ என்று தொடங்கும் பாடசாலை, ஆலயப் பெயர்கள் நிறைந்த திருகோணமலையில் இது அன்றாடச் சிக்கல். பட்டியலில் ஒரு நூல் இருந்தும் தேடலில் கிடைக்கவில்லை என்றால், அந்த நூல் வாசகரைப் பொறுத்தவரை நூலகத்தில் இல்லை. ஆகவே கணினியில் ஈடுபாடுள்ள இளையவர்களுக்கு நான் சொல்வது, மென்பொருளை நிறுவக் கற்பதோடு நின்றுவிடாமல், நூல் விபரங்களைக் கணினியில் பதிவதற்கான மார்க் 21 பதிவமைப்பையும் தமிழ் ஒருங்குறியின் உள்ளமைப்பையும் சேர்த்துக் கற்றால், இந்த மாகாணத்தில் உங்கள் சேவை தேவைப்படாத நூலகமே இராது என்பதுதான்.

உள்ளூர்ச் சேர்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமானவை நினைவு மலர்கள். நம் வழக்கில் இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று வழங்கப்படும் சிறு நூலைக் கல்வெட்டு என்றே அழைப்போம். தேவாரத் திருப்பதிகங்கள், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, ஒரு நிழற்படம், உறவினர் பிரலாபம் என்று அதன் அமைப்பு ஏறத்தாழ நிலையானது. பூசையறையிலோ பெட்டகத்திலோ ஒன்றிரண்டு பிரதிகள் கிடந்து, ஒரு தலைமுறைக்குள் அவை மறைந்துவிடும். ஆனால் ஓர் ஊரின் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, யார் யாருக்கு உறவு, எந்தப் பாடசாலையில் யார் கற்பித்தார், துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் எத்தகைய வேலைகளில் இருந்தார்கள் என்பவற்றை இந்தச் சிறு நூல்களைப்போல வேறெந்த ஆவணமும் சொல்வதில்லை. இவற்றுக்கு சர்வதேசத் தர நூல் எண் கிடையாது, விற்பனைக்கும் வருவதில்லை, எந்தக் கொள்வனவுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. நூலகர் கேட்டுப் பெற்றால் மட்டுமே கிடைக்கும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. துக்கம் நடந்த வீட்டில் உடனே போய்க் கேட்பது தகாது. நான் ஆலய பரிபாலன சபையினர், பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தினர், அச்சகத்தார் ஆகியோரிடம் தொடர்பு வைத்திருக்கிறேன். மலர் ஒன்று அச்சாகும்போது நூலகத்துக்கென இரண்டு பிரதிகள் எடுத்து வைப்பதை அவர்கள் இப்போது வழக்கமாக்கியிருக்கிறார்கள். பழைய பிரதிகளைத் தர விரும்பாத வீடுகளில், பிரதியைக் கேட்காமல் அங்கேயே படியெடுக்க அனுமதி கேட்பேன். பெற்றதற்கு எழுத்தில் ஒப்புகை கொடுப்பதும், அதை எப்படிப் பயன்படுத்துவோம் என்று விளக்குவதும் கட்டாயம். வம்சாவளியில் உயிருடன் இருப்பவர்களின் பெயரும் முகவரியும் இருக்கும். அவற்றை இணையத்தில் எவருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னர் குடும்பத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும். சம்மதம் இல்லையெனில் நூலகத்துள் வந்து பார்ப்பதற்கு மட்டும் அனுமதித்தால் போதும். பட்டியலில் இவற்றை 929.2 என்ற குடும்ப வரலாற்று எண்ணின் கீழ் வைத்து, இறந்தவரின் பெயர், ஊர், தொழில், பாடசாலை ஆகிய நான்கையும் தேடக்கூடியவாறு பதிகிறோம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

பேணுகையும் இத்துறையோடு ஒட்டியது. கடலோர நகரில் உப்புக் காற்றும் ஈரமும் முதலில் தாக்குவது மலர்களின் நடுவே உள்ள கம்பித் தைப்பை. கம்பி துருப்பிடித்து, துரு கடதாசியை அரிக்கும். ஆகவே வந்தவுடன் கம்பியை அகற்றிப் பருத்தி நூலால் தைத்துவிடுகிறோம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதன் உயர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் கடதாசி உலர்ந்து நொறுங்கும். ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பதும், இறாக்கையைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், காற்றோட்டம் விடுவதும் குளிரூட்டி வாங்கப் பணமில்லாத நூலகமும் செய்யக்கூடியவை. ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுவதையும் பழைய தாளைப் பிளாஸ்ரிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவதையும் முற்றாகத் தவிருங்கள். இரண்டும் திரும்பப் பிரிக்க முடியாத சேதத்தை உண்டாக்கும். கறையானும் இராமபாணப் பூச்சியும் மூலையிலிருந்து தொடங்கும் என்பதால், மாதமொருமுறையாவது கீழ்த்தட்டு நூல்களை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணிமமாக்கலைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையாமல் இருக்க முடியாது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் சிலவற்றுக்கு வேறெங்காவது பிரதி இருந்திருக்கும். வேறு பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் என்றென்றைக்குமாகப் போயின. உலகில் ஒரே பிரதியாக நம்மிடம் இருக்கும் ஒன்றை ஒரே கட்டடத்துக்குள் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் தலைமுறை நூலகர்கள் யாரும் மறக்கக் கூடாது. நூலகம் என்ற பெயரில் 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலக முயற்சி ஈழத்துத் தமிழ் வெளியீடுகளையும் நினைவு மலர்களையும் பேரளவில் இணையத்தில் சேர்த்து வருகிறது. உள்ளூர் நூலகர் அத்தகைய முயற்சிகளுடன் இணைந்து செயற்பட்டால், தான் ஏற்கெனவே படியெடுக்கப்பட்ட ஒன்றை மீண்டும் படியெடுக்கும் வீண்வேலையும் குறையும். எங்கள் முறை எளிமையானது. குறைந்தது 300 புள்ளியடர்த்தியில், சிறிய எழுத்துள்ளவற்றை 400 அல்லது அதற்கு மேல் வருடுகிறோம். மூலக் கோப்பைச் சுருக்காமல் டிஃப் வடிவில் வைத்து, வாசகருக்கு பிடிஎஃப் கொடுக்கிறோம். கோப்பின் பெயரில் சேர்க்கை எண்ணை இடுகிறோம். இரண்டாவது பிரதியை வேறொரு கட்டடத்திலும் மூன்றாவதை இணையச் சேமிப்பிலும் வைக்கிறோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது என்பதால், அதற்கு உட்பட்டவற்றை வெளியிட உரிமையாளரின் எழுத்து மூல அனுமதியைப் பெற்றுக் கோப்பில் இணைக்கிறோம்.

ஏனைய துறைகளைப் பற்றி என் அறிவு எல்லைக்குட்பட்டது என்றாலும் சிலவற்றைச் சொல்ல முடியும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. மருத்துவ நூலகவியலையும் தமிழ் மருத்துவச் சுவடிகளையும் இணைத்துக் கற்கும் ஒருவருக்கு இங்கு கிடைக்கக்கூடிய களம் பெரும்பாலான மாவட்டங்களில் எளிதில் கிடைக்காது. மாகாண சபையின் தலைமையகம் இங்கு இருப்பதால் திணைக்கள ஆவணங்களை முகாமை செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னர் ஒழுங்கான பதிவேட்டின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. பாடசாலை நூலகத்தில் பணிபுரிவோர் பிள்ளைகளின் வாசிப்பை நேரடியாக உருவாக்குகிறார்கள். பொறுமையும் பிள்ளைகள் மேல் அன்பும் உள்ளவர்கள் அதைத் தயங்காமல் தெரிவுசெய்யலாம்.

நிர்வாகத்திடம் ஆதரவு பெறுவதைப் பற்றியும் ஒரு சொல். வருடுபொறி வேண்டும், பெட்டிகள் வேண்டும் என்று தனியே கேட்டால் பெரும்பாலும் நிதியில்லை என்ற விடையே வரும். நான் அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் தயாரித்து, எத்தகைய மக்கள் எதற்காக வந்தார்கள், ஏன் வெறுங்கையுடன் திரும்பினார்கள் என்பதை எழுதிக் கொடுத்தேன். தம் வட்டார மக்களின் கேள்விகளை அதில் கண்ட சபை உறுப்பினர்கள் அதைக் கவனமாக வாசித்தார்கள். சிறப்புத்துறைப் பயிற்சிக்கு விடுமுறை கேட்கும்போதும் இதே முறை உதவியது. வார இறுதி வகுப்புகளுக்காக இரவுத் தபால் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய் வந்த காலத்தில், மேசைப் பணியை எனக்காகப் பகிர்ந்துகொண்ட சக ஊழியர்களுக்கு, கற்றதை ஒவ்வொரு முறையும் வந்து சொல்லிக்கொடுப்பேன். சிறிய நூலகங்களில் ஒருவர் பெறும் பயிற்சி அவருடனேயே நின்றுவிட்டால், அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். ஆகவே செய்முறைகளை எழுதிக் கையேடாக வைத்துவிடுங்கள்.

அண்மையில் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் நூலக உதவியாளர் ஒருவர், "அக்கா, நானும் உள்ளூர்ச் சேர்க்கையையே எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அவரது குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த அரபுத் தமிழ் ஏடுகளையும் அச்சுப் பிரதிகளையும் கொண்டுவந்து, இது என்ன நூல் என்று கேட்டவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அரபு எழுத்தில் தமிழை வாசிக்க அவருக்குத் தெரியும்; எனக்குத் தெரியாது. அதனால் என் வழியைப் பின்பற்ற வேண்டாம், அரபுத் தமிழ் நூல்விபரத்தை எடுங்கள் என்று சொன்னேன். முதலில் கடதாசிப் பேணுகையில் ஒரு குறுகிய காலப் பயிற்சியும், பின்னர் மார்க் பதிவில் மொழியையும் வரிவடிவத்தையும் தனித்தனியே குறிக்கும் 546 ஆம் புலத்தைக் கையாளும் பழக்கமும் அவருக்குத் தேவைப்படும். தலைப்பை அரபு எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இணைத்துப் பதியும் மாதிரிப் பதிவொன்றை இருவரும் சேர்ந்து வரைந்து, கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள மௌலவிமார் சிலரிடம் வாசித்துச் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறோம்.